கொடுத்த கை வெறுங்கையா?

படுவான்கரையில் நெல் விளைவித்து, எழுவான்கரையிற் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு தலைமுறை இன்று முதுமையெய்தி நிற்கிறது. அப்பிள்ளைகளிற் பலர் கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழ்கின்றனர். தாய் தந்தையரைச் சில மாதங்களேனும் தம்மிடம் அழைத்துப் பேரக் குழந்தைகளை அவர் மடியில் இருத்திப் பார்க்க விரும்புகின்றனர். இதனினும் எளிய ஆசை உண்டோ? ஆயினும் அந்த ஆசையின் குறுக்கே ஒரு விசா நிற்கிறது.

பிள்ளைகளே பெற்றோருக்காகப் படிவம் நிரப்புகின்றனர். அழைப்புக் கடிதமும் வருமானச் சான்றும் சேர்க்கின்றனர். முதியவர்கள் மட்டக்களப்பிலிருந்து கொழும்புவரை சென்று விரலடையாளம் கொடுத்து மீள்கின்றனர். பின்னர் பலருக்கு வருவது மறுப்புக் கடிதம். வருகைக் காலம் முடிந்ததும் இவர்கள் ஊர் திரும்புவார்கள் என்பதில் அதிகாரிக்கு நம்பிக்கை பிறக்கவில்லை என்பதே அதன் சாரம்.

வருவோர் திரும்பிச் செல்வர் என்ற நம்பிக்கையை அதிகாரிக்கு ஏற்படுத்தவேண்டும் என்பது அவ்விரு நாடுகளினதும் விதி. அவ்விதியை வகுக்கும் உரிமையை நாம் மறுக்கவில்லை. எந்த அளவுகோலால் அந்த நம்பிக்கை அளக்கப்படுகிறது என்பதே நமது வினா. பெயரில் வீடு உண்டா? காணி உண்டா? மாதச் சம்பளம் உண்டா? வங்கியில் வைப்பு உண்டா? இவையே பெரிதும் நோக்கப்படுகின்றன.

இங்கேதான் மட்டக்களப்பின் மரபு நம்மவர்க்கே தடையாக வந்து வாய்க்கிறது. நமது மண்ணிற் குடி தாய்வழியே தொடர்கிறது. மகளுக்குத் திருமணமாகும்போது வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதப்படுகின்றன. தாய்வழி உரிமை பேணிய முக்குவர் சட்டத்தைப் பற்றிப் பிரிற்றோ என்பார் 1876 ஆம் ஆண்டிலேயே நூல் வெளியிட்டார். அச்சட்டம் இன்று வழக்கில் இல்லை. ஆனால் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் மாறவில்லை. கடைசி மகளுக்கும் உறுதி எழுதிய பின்னர் தந்தையின் பெயரில் எஞ்சுவது என்ன? கடமையை முடித்தோம் என்ற மனநிறைவு ஒன்றே! விசா அதிகாரியின் மேசையில் அவர் சொத்தற்றவர், ஊரோடு பிணைப்பற்றவர். மகளுக்கு ஒன்றும் கொடாது அனைத்தையும் தன் பெயரில் வைத்திருப்பவரோ பிணைப்புள்ளவர்! இஃதென்ன நீதி?

வேளாண்மை செய்வோரின் நிலையும் இத்தகையதே. அவர்களுக்குச் சம்பளச் சீட்டு இல்லை. அறுவடை முடிந்ததும் வங்கிக் கணக்கு நிரம்பும். விதைப்புக் காலத்தில் வற்றிவிடும். வட்டையை அறிந்தவனுக்கு அது பருவத்தின் இயல்பு. அறியாதவனுக்கு அது வறுமையின் சான்று.

இந்த இக்கட்டிற் புகுந்து பணம் பண்ணும் முகவர்களைக் குறித்து எச்சரிக்கின்றோம். கடன் பணத்தைச் சில நாட்களுக்குக் கணக்கில் இட்டுக் காட்டுவதும், இல்லாத தொழிலுக்குக் கடிதம் தயாரிப்பதும் உதவி அல்ல, படுகுழி. பொய் வெளிப்பட்டால் கனடா 5 ஆண்டுகளுக்குக் கதவடைக்கும். பிரித்தானியாவின் தடை 10 ஆண்டுகள்வரை நீளும். எழுபது வயதுத் தாய்க்குப் பத்தாண்டுத் தடை என்றால் அதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

உண்மையே நமக்குப் போதும். அதனை ஏட்டில் ஏற்றத் தெரியவேண்டும். மகளுக்கு எழுதிய உறுதியின் பிரதியை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணையுங்கள். கொடுத்தவர் இப்பெற்றோரே என்பதை அது காட்டும். அவர்கள் தன் வீட்டில் வாழ்கின்றனர் என்று மகள் கடிதம் எழுதட்டும். கமநல சேவை நிலையப் பதிவையும் நெல் விற்ற பற்றுச்சீட்டுகளையும் இரண்டு போகங்களுக்கேனும் சேர்த்து வையுங்கள். கோயிலில் வண்ணக்கராய் இருப்பவர் வைகாசிச் சடங்குக்கு ஊரில் இல்லாதிருக்க மனம் ஒப்புவாரா? அப்பொறுப்பும் ஒரு பிணைப்பே. அதற்கும் கடிதம் பெறுங்கள். இனி உறுதி எழுதுவோர் பெற்றோருக்குச் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதுவது குறித்துச் சட்டத்தரணியிடம் கேட்டறிவது நன்று.

எந்த விசா என்பதிலும் தெளிவு வேண்டும். கனடாவின் சாதாரண வருகை விசாவில் ஒருமுறை தங்குவது பொதுவாக 6 மாதங்கள். 2011 ஆம் ஆண்டு பெற்றோருக்கெனத் தொடங்கிய சுப்பர் விசாவில், 2022 முதல் ஒருமுறையில் 5 ஆண்டுகள்வரை தங்கலாம். அதற்குப் பிள்ளையின் வருமானச் சான்றும், மருத்துவப் பரிசோதனையும், குறைந்தது 100,000 கனடிய டொலர் மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். திரும்புவர் என்ற நம்பிக்கை அதற்கும் இன்றியமையாதது. மறுத்தால் மேன்முறையீடு செய்வோம் என்று எண்ணாதீர். குடும்ப வருகையாளர்க்கிருந்த முழுமையான மேன்முறையீட்டு உரிமையைப் பிரித்தானியா 2013 ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. கனடாவில் நீதிமன்றம் செல்லலாம். செலவைத் தாங்குவார் எத்தனை பேர்? ஆகவே முதல் விண்ணப்பத்தையே முழு வழக்காகக் கருதித் தயாரிக்கவேண்டும்.

நமது பிரதேச செயலகங்களை ஒன்று கேட்கின்றோம். மகளுக்கு வீடெழுதும் இம்மரபையும், பெற்றோர் அவ்வீட்டிலேயே வாழும் வழக்கத்தையும் விளக்கி, வதிவிடச் சான்றுடன் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வழங்குங்கள். ஒரு தாள்தான், பல முதியவரின் கண்ணீரை அது துடைக்கும். கொழும்பிலுள்ள உயர்ஸ்தானிகராலயங்களுக்கு இம்மரபை எடுத்துரைப்பது நமது பாராளுமன்ற உறுப்பினர்களின் கடமை.

வெளிநாடுவாழ் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். படிவத்தில் எழுதியதனைத்தையும் பெற்றோருக்குத் தமிழில் வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் வாங்குங்கள். பதில் சொல்லவேண்டி வருபவர்கள் அவர்களே. விசா கிடைக்கவில்லையா? காத்திருக்க வேண்டாம், நீங்கள் புறப்பட்டு வாருங்கள். உங்களைப் படிக்கவைக்க வயலையும் வளவையும் கொடுத்தவர்களின் கை வெறுங்கை அன்று. அதனை அயல்நாட்டு அதிகாரிக்கு மெய்ப்பிப்பது பிள்ளைகளின் கடன்.