ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, உடற்பயிற்சியை ஒரு நாள்கூட விடக்கூடாது, விட்டால் அது சோம்பேறித்தனம் என்று எழுதியிருந்தார். அவர் எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அதே வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போன வருஷம் நான் பட்ட பாட்டை மற்ற சகோதரிகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை. 1991, 92-ம் வருஷங்களில் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். பார் வைத்த ஆம்பளை சைக்கிளில், முன்னால் என் தம்பியை உட்காரவைத்து, பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு வருவார். நானும் அதே சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினேன்.

கல்யாணமாகி இருபது வருஷம் சைக்கிளைத் தொடவில்லை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மறுபடி ஏறினேன். எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்தோம். விடியற்காலையில் சித்தன்னவாசல் வரை போய் வருவோம், முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். அப்போதுதான் ஒரு ஆசை வந்தது. ஒரே நாளில் திருச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும், அதாவது நூறு கிலோமீட்டருக்கு மேல்! அதற்காக ஒரு அட்டவணை போட்டு, வாரம் ஆறு நாள் ஓட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். மகனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை வேறு. ராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்து, நடுவில் இரண்டு முறை அத்தைக்காக எழுந்து, நாலு மணிக்கு சைக்கிளுக்காகக் கிளம்புவேன். ஒரு நாள் விட்டாலும் பழையபடி ஆகிவிடுவோம் என்ற பயம்!

ஒரு மாசத்தில் கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. போன மாசம் ஒன்றரை மணியில் போன தூரத்துக்கு இரண்டு மணி ஆனது. சளி பிடித்தால் மூன்று வாரம் போகவில்லை. படுத்தால் தூக்கம் வராது, நெஞ்சு மட்டும் படபடவென்று அடிக்கும். மகன் ஒரு டம்ளரைக் கீழே போட்டாலும் எரிந்து விழுவேன். "அம்மா, நீ சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து ரொம்பக் கோபப்படறே" என்றான். எனக்கு உறைக்கவில்லை. பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் கூட்டினேன்.

ஒரு நாள் திரும்பி வரும்போது கண் இருட்டியது. சாலையோர மண்ணில் சாய்ந்துவிட்டேன். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

டாக்டரம்மா ரத்தம் பார்த்தார். ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாதாம். பிறகு கேட்டார்: "ஏம்மா, உனக்கு ஓய்வு நாள் எது?"

"ஞாயிற்றுக்கிழமை டாக்டர். அன்னிக்கு சைக்கிளைத் தொடறதே இல்லை."

"அன்னிக்கு என்னென்ன செய்வே?"

சொன்னேன். வாரத்துக்கு வேண்டிய மாவு அரைப்பது, போர்வை, தலையணை உறை துவைப்பது, அத்தைக்குத் தலைக்கு ஊற்றுவது, கறி, மீன் சமையல், மாலையில் வரும் உறவுக்காரர்களுக்குப் பலகாரம். சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கிவிட்டது.

"இதுக்குப் பேர் ஓய்வாம்மா? மத்த நாளைவிட இன்னிக்குத்தானே அதிகமா உழைச்சிருக்கே?" என்றார் அவர்.

தோழிகளே, நான் சொல்ல வந்தது இதுதான். சைக்கிள் மிதித்த களைப்பு, மாவரைத்த களைப்பு, மகன் பரீட்சை பற்றிய கவலை என்று உடம்பு தனித்தனியாகக் கணக்கு வைப்பதில்லை. எல்லாம் ஒரே கணக்கில்தான் பற்று எழுதப்படுகிறது. பயிற்சியின்போது தசை கொஞ்சம் சேதமாகிறது. பிறகு சாப்பாட்டாலும் தூக்கத்தாலும் அது பழுது பார்க்கப்படும்போதுதான் பலம் கூடுகிறது. உறை ஊற்றிய பாலை ஆட்டிக்கொண்டே இருந்தால் தயிர் தோயுமா? அப்படித்தான் இதுவும்.

இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல. மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு சராசரி 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பயிற்சி அட்டவணைகளில் 'ஓய்வு நாள்' என்று போட்டிருப்பது, வீட்டு வேலையை வேறு யாரோ பார்த்துக்கொள்கிற ஆளுக்கு எழுதியது. நாம் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் விழத்தான் செய்வோம்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். வாரம் மூன்று நாள்தான் சைக்கிள். அதில் ஒரு நாள் மட்டும் மூச்சு வாங்க ஓட்டுவேன், மற்ற இரண்டு நாள் பேசிக்கொண்டே போகிற வேகம். மூன்று வாரம் ஓட்டினால் நாலாவது வாரம் பாதியாகக் குறைத்துவிடுவேன். காலையில் படுக்கையிலேயே ஒரு நிமிஷம் நாடி பார்ப்பேன். என் வழக்கம் 66. அது 75-க்கு மேல் போனாலோ, ராத்திரி தூக்கம் கெட்டாலோ அன்று வண்டி வெளியே வராது. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், திரும்பியதும் முட்டையோ சுண்டலோ கட்டாயம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடக்கூடாது. எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். மாதவிலக்கு தள்ளிப் போனாலும் 'அலைச்சல்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையையும் பேசித் தீர்த்தோம். என் கணவர் சைக்கிள் ஓட்டுவதைத் தடுத்தவரில்லை, ஆனால் ஓய்வைப் பற்றி அவரும் யோசித்ததில்லை. இப்போது துணி மகன் பொறுப்பு. மாவு கடையில் வாங்குகிறோம். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அத்தையை அவர் பார்த்துக்கொள்கிறார். அந்த இரண்டு மணி நேரம் நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன். முதலில் அத்தை முகம் சுளித்தார். பிறகு அவரே, "தூங்கட்டும் விடுடா, பாவம்" என்று மகனை அதட்ட ஆரம்பித்தார்!

எல்லா வீட்டிலும் இது நடக்காது என்பது எனக்குத் தெரியும். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற சகோதரிகளுக்கு இரண்டு மணி நேரமே பெரிய விஷயம். அரை மணியாவது கேளுங்கள். கேட்காமல் யாரும் தரப்போவதில்லை.

அதற்காக சைக்கிளையே மூலையில் போடச் சொல்லவில்லை. மனசு கனத்த நாளில் இருபது நிமிஷம் மெல்ல மிதித்துவிட்டு வந்தால் எனக்கு மருந்து மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங், ஒரு பிள்ளைக்குத் தாயாகி, ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையும் பார்த்துக்கொண்டு, 2016 ஒலிம்பிக்கில் சைக்கிளில் தங்கம் வாங்கினார். மறுநாள் அவருக்கு 43 வயது! ஆக, வயதோ குடும்பமோ தடையில்லை.

திருச்சிப் பயணத்தை ஐந்து மாசம் தள்ளிவைத்தேன். அத்தை கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு, தை மாசம் போய் வந்தேன். மறுநாள் காலை எட்டு மணி வரை தூங்கினேன். என்னை யாரும் எழுப்பவில்லை.

ஒரு நாள் விட்டால் சோம்பேறித்தனம் என்று எழுதிய அந்தச் சகோதரிக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அம்மா, நம்மில் யாரும் சோம்பேறி இல்லை. 'இன்று ஓய்வு' என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லத்தான் நமக்குப் பழக்கமில்லை. பெடலோடு அதையும் சேர்த்துப் பழகுவோம்.

— ஒரு வாசகி, புதுக்கோட்டை