துடுப்பு அவள் கையில்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி சாகசக் கதைப் புத்தகமொன்றைக் கையிலெடுத்துவிட்டால் வீட்டுப் பெரியோருக்கு இரண்டு கவலைகள் தோன்றுகின்றன. படிப்புக் கெட்டுவிடும் என்பது ஒன்று. கதையில் வரும் பெண்ணைப் போலத் தன் பிள்ளையும் வாசற்படியைத் தாண்டத் துணிந்துவிடுவாளோ என்பது மற்றொன்று. முன்னதற்கு ஆதாரமில்லை, கதையிலே தோய்ந்த பிள்ளைக்கு மொழி வசப்படுவதை ஆசிரியர் யாவரும் அறிவர். பின்னதற்கு ஆதாரம் உண்டு. நல்ல கதை துணிவைத் தரவே செய்யும். அத்துணிவை ஏன் அஞ்சவேண்டும் என்பதே நமது வினா.

பெண்பிள்ளை வீரச்செயல் புரியும் கதை மேனாட்டிலிருந்து வந்த புதுமோகம் என்று கருதுவாரும் உளர். அவர்கள் மணிமேகலையை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. 1898ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து நமக்களித்த அக்காப்பியத்தின் தலைவி ஓர் இளம்பெண். அரசகுமாரன் அவளைத் துரத்துகின்றான். உறங்கும்போதே தெய்வம் அவளைக் கடல் கடத்தி மணிபல்லவத்தில் விடுகின்றது. ஆளற்ற தீவிலே தனித்து விழித்தவள் பழம்பிறப்பை அறிகின்றாள்; அமுதசுரபியைப் பெறுகின்றாள்; வானவழியே ஊர் மீள்கின்றாள்; வேற்றுருக் கொள்கின்றாள்; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவிக்கின்றாள். சமயக் கருத்துகளைச் சற்றே ஒதுக்கிவைத்துப் படித்தால் இதனினும் சுவையான சாகசக் கதை வேறுண்டோ? அந்த மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கொள்வாரும் உளர்.

அதே கடலில் மற்றொருத்தியும் வந்தாள். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்கள் பூங்குழலியை மறந்திருக்கமாட்டார்கள். கோடிக்கரைக் காட்டிலே தன்னைத் துரத்திவந்து புதைசேற்றில் அகப்பட்ட வந்தியத்தேவனைக் கரையேற்றுபவள் அவள். அவனைப் படகிலேற்றி ஈழத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பவளும் அவளே. பின்னர்க் கொந்தளித்த கடலிலிருந்து அருள்மொழிவர்மரை மீட்பதும் அவளது படகுதான். வீரர்கள் இருவரும் வாள் வீசுவதில் வல்லவர்கள். ஆனால் கடலின் குணமறிந்தவள் அவளொருத்தியே. துடுப்பு அவள் கையில் இருக்கும்வரை கதையும் அவள் கையிலேயே இருக்கின்றது. வாசகரின் இன்பம் பிறப்பது இங்கேதான்: அடுத்த பக்கத்தில் என்ன நேரும் என்பதை ஒரு பெண்ணின் அறிவும் கைத்திறனும் முடிவு செய்கின்றன.

ஆங்கிலத்திலும் இத்தகையோர் பலர். 1942இல் வெளிவந்த எனிட் பிளைட்டனின் முதலாவது 'ஐவர்' கதையில் வரும் ஜோர்ஜினா, தலைமயிரைக் குறுக வெட்டிக்கொண்டவள். ஜோர்ஜ் என்று அழைத்தாலன்றி மறுமொழி கூறாள். பாறைகளுக்கிடையே படகு செலுத்தித் தீவையடையும் வழி அவளுக்கு அத்துபடி. ஆயினும் வீரம் செய்ய அவள் ஆண்பிள்ளையின் பெயரைப் பூணவேண்டியிருந்தது. பூங்குழலிக்கு அந்தத் தேவை நேரவில்லை. 2008இல் சுசான் கொலின்ஸ் எழுதிய 'த ஹங்கர் கேம்ஸ்' நாவலின் காட்னிஸுக்கும் நேரவில்லை. பதினாறு வயதினளான அவள் பிறந்தது நிலக்கரி வெட்டும் ஊரில். தந்தையைச் சுரங்கம் விழுங்கியது. உழைப்பின் பயனெல்லாம் தலைநகருக்கு, ஊருக்கோ பட்டினி. வில்லேந்தி வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பவள், தங்கைக்கு வந்த ஆபத்தைத் தானே முன்வந்து ஏற்கின்றாள். இக்கதையின் உட்பொருளை நமுனுகுல மலைச்சரிவிலுள்ள தோட்டத்துப் பெண்பிள்ளைக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஒன்பது சிகரம் என்று பொருள்படும் அம்மலை 2036 மீற்றர் உயர்ந்தது. பதுளை, பசறை, ஸ்பிரிங்வெலி என்று அதனைச் சூழ்ந்த பகுதிகளில் வாழும் பிள்ளைகளுக்கு ஆபத்து என்பது புத்தகத்தில் மாத்திரம் காணும் பொருளன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி இதே பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாடறியும். அவர்களுடைய முன்னோர் வந்த வழியும் எளிதாயிருக்கவில்லை. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தோருள் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டனர். அந்நினைவைப் போற்றி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணமும் நிகழ்ந்தது. பிற்காலத்தில் மண்டபம் முகாமைத் தாண்டிக் குடும்பங்களோடு கடல் கடந்தவர்களுள் பெண்பிள்ளைகளும் இருந்தனர். மணிமேகலைக்கும் பூங்குழலிக்கும் கிடைத்த காவியமும் கதையும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மலையக இலக்கியம் வளமற்றதன்று. சி. வி. வேலுப்பிள்ளையும், 'தூரத்துப் பச்சை' தந்த கோகிலம் சுப்பையாவும், 'ஒரு கூடைக் கொழுந்து' தந்த என். எஸ். எம். இராமையாவும் அம்மக்களின் உழைப்பையும் இழப்பையும் மறையாது காத்தனர். அவர்கள் எழுதியிராவிடில் அத்துயரத்துக்குச் சாட்சியே இராது. எனினும் பதின்மூன்று வயது வாசகிக்குச் சாட்சியம் மட்டும் போதாது. தன் பாட்டியும் தாயும் பட்ட துன்பத்தை அவள் அறிவாள். தன் வயதினள் ஒருத்தி மூடுபனியில் வழி கண்டுபிடிப்பதையும், களவைத் துலக்குவதையும், மழையிரவில் லயத்தாரை எழுப்பிக் காப்பதையும், இறுதியில் வெல்வதையும் அவள் படிக்கவேண்டும்.

இதை வெறும் ஆசை என்று தள்ளுவதற்கில்லை. பாடசாலையை இடையில் விட்டுக் கொழும்பு வீடுகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மேற்காசிய நாடுகளுக்கும் செல்லும் மலையகப் பெண்கள் பலர். அவர்களும் கடல் கடக்கின்றனர். ஆனால் பெரும்பாலும் துடுப்புப் பிடிப்பவர் வேறு யாரோ. ஒரு கதைப்புத்தகம் அந்நிலையை மாற்றிவிடும் என்று நாம் கூறவில்லை. போகும் வழியைக் கேட்டறியலாம், மறுக்கலாம், தானே தெரியலாம் என்ற எண்ணத்தின் முதற்சுவையை அது காட்டவல்லது.

சாகசக் கதையென்று வருவதெல்லாம் நல்லதன்று என்பதும் உண்மையே. முதல் அத்தியாயத்தில் சூரியாய் வந்து, கடைசி அத்தியாயத்தில் யாரேனும் ஓர் இளைஞன் மீட்கும்வரை கைபிசைந்து நிற்கும் நாயகிகள் நம்மிடையே மிகுதி. இவற்றைப் பிரித்தறிய எளிய உரைகல் ஒன்றுண்டு: முடிச்சை அவிழ்ப்பவர் யார்? அவளேயாயின், அப்புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுக்கலாம்.

தோட்டப் பாடசாலைகளுக்கு நூல் வழங்குவோர் பரீட்சை வழிகாட்டிகளோடு இத்தகைய கதைகள் நாலைந்தையும் சேர்த்தனுப்புவார்களாக. நூலகப் பொறுப்பாளர்கள் அவற்றைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிவைக்காதிருப்பார்களாக. மலையக எழுத்தாளர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. பெரட்டுக்களமும் கொழுந்து மடுவமும் பதுளைக்குப் போகும் கடைசி பஸ்ஸும் களமாக, தமிழறிந்த ஒரு சுட்டிப் பெண் நாயகியாக, மறுநாள் பாடசாலை உண்டென்பதையும் மறந்து விளக்கொளியில் படித்துமுடிக்கத்தக்க ஒரு கதையை எழுதுக. படிப்பதற்கு ஆள் காத்திருக்கின்றாள்.