ஏரிக்கரையில் தனியே

தீபாவளி கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஐப்பசி அடைமழை இரண்டு நாள் ஓய்வு கொடுத்திருந்தது. பட்டணத்தில் வெடிச் சத்தம் அடங்கிவிட்ட போதிலும் நம்முடைய காதுகளில் மட்டும் அடங்கவில்லை. ஆகவே, துணைக்கு ஒருவரையும் அழைக்காமல் வேடந்தாங்கலுக்குப் புறப்பட்டோம். 'நாம்' என்று பன்மையில் எழுதுகிறோமே தவிர, போனது ஓர் ஆசாமிதான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

சென்னைக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், மதுராந்தகத்துக்கு அருகில் இருக்கிறது அந்தச் சிற்றூர். பெயரில் வேடன் இருக்கிறான். ஊரிலோ பறவைகளுக்கு அபயம்! பொழுது விடிந்ததும் ஏரிக்கரையில் ஏறினோம். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி. புதுத் தண்ணீர் வந்து, கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தன. பருவத்தின் ஆரம்பமாகையால் கூட்டம் இன்னும் நிறையவில்லை. நத்தைகுத்தி நாரைகள் சில, அலகில் சுள்ளிகளுடன் வந்து இறங்கின. நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தன. கரண்டிவாயன் ஒன்று ஆழமில்லாத இடத்தில் தலையை இப்படியும் அப்படியும் அசைத்துத் தண்ணீரைத் துழாவியது. நம்மை ஒன்றும் பொருட்படுத்தவில்லை. மனிதனைக் கண்டு பறவை பயப்படாத இடத்தில் நடப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

இந்த மரியாதையை நாம் சம்பாதிக்கவில்லை. அந்த ஊர்க் குடியானவர்கள் பல தலைமுறைகளாகச் சம்பாதித்து வைத்தது அது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டார்கள் என்றும், ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. 1798-ல் அவர்கள் கலெக்டரிடம் கௌல், அதாவது உறுதிப் பத்திரம், பெற்றார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்துக் கொண்டார்கள். சர்க்கார் சட்டங்கள் எல்லாம் அதற்கு வெகு காலம் பின்னால் வந்தவை. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இந்த ஏரி இடம் பெற்றது.

ஊராருக்கு இதில் ஆதாயம் இல்லாமல் இல்லை. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து, வயலுக்கு எருவாகப் பாய்கிறது. ஆனால் ஆதாயம் என்று தெரிந்தும் பொறுமையில்லாமல் அதைக் கெடுத்துக்கொள்வதுதானே உலக வழக்கம்? பட்டணத்தில் எத்தனை ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டியிருக்கிறோம்! அந்த வீடுகளுக்குள் மழைக்காலத்தில் தண்ணீர் வந்தால் தண்ணீரின் மேல் கோபித்துக்கொள்கிறோம்.

கரையின் கோடியில் பத்து வயதுப் பையன் ஒருவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் தம்பி, தீபாவளிக்கு வெடி வெடித்தாயா?" என்று கேட்டோம்.

"இல்லீங்க. மத்தாப்புதான் கொளுத்தினேன்."

"வெடி வேண்டும் என்று அப்பாவிடம் கேட்கவில்லையா?"

இந்த மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல் பையன் நம்மைப் பார்த்தான்.

"வெடிச்சா பறவைங்க போயிடுமே!" என்று சொல்லிவிட்டு, ஆடுகளின் பின்னால் ஓடினான்.

கௌல் பத்திரம் எங்கேயாவது பழைய கட்டில் கிடக்கலாம். அது வருஷந்தோறும் புதுப்பிக்கப்படுவது இந்தப் பையன்களால்தான் என்று தோன்றியது. மழை பொய்த்தால் ஏரி வறண்டு பறவைகள் வராமல் போகலாம். அதற்கு ஊரார் என்ன செய்ய முடியும்? தங்களால் ஆனதை மட்டும் அவர்கள் தவறாமல் செய்து வருகிறார்கள்.

மாலையில் வீடு திரும்பியபோது வாசலில் நம் வீட்டுப் பிள்ளைகள், மிச்சம் வைத்திருந்த சரவெடியுடன் காத்திருந்தார்கள். எதிர் வீட்டு வேப்ப மரத்தில் காக்கைகள் அடைந்துகொண்டிருந்தன. பையன் சொன்னதை அப்படியே அவர்களிடம் சொன்னோம். பெரியவன் சற்று நேரம் மரத்தைப் பார்த்தான். பிறகு சரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.