துஆவும் மருந்தும்

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் 10,000 பேருக்கு மேல் பலிகொண்டது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்குத் தொழுகைப் பாயும் சபூர் என்ற சொல்லுமே அன்று ஊன்றுகோலாயின. இதனை மறுப்பவர் நம் மக்களை அறியாதவர். முற்போக்கின் பெயரால் அந்த நம்பிக்கையை எள்ளி நகையாட நாம் ஒருப்படோம்.

ஆயின், ஊன்றுகோல் வேறு, விலங்கு வேறு.

உறக்கமிழந்து தவிப்பவரை, காதில் குரல் கேட்பதாக அஞ்சுபவரை, நம் ஊர்களிற் பல வீட்டார் முதலில் எங்கே அழைத்துச் செல்கின்றனர்? ஓதிப் பார்ப்பவரிடம். நூல் கட்டப்படுகிறது, தண்ணீர் ஓதிக் கொடுக்கப்படுகிறது. அதனால் மனம் ஆறுமாயின் ஆறட்டும். ஆனால், இது ஜின்னின் வேலை, மாத்திரையை நிறுத்து என்று அவர் கட்டளையிடும்போது கேடு தொடங்குகிறது. ஈமான் குறைந்ததால் வந்த நோய் என்று நோயாளியையே குற்றவாளியாக்கும்போது அது கொடுமையாகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாய்த் திரும்பக்கூடும். அப்போதும் பழி ஜின்னின் தலையில். காசு ஓதியவர் மடியில்!

இவ்வழி எங்கே முடியும் என்பதை அக்கரையில் ஏர்வாடி காட்டிற்று. தர்காவை நம்பி வந்தோரை வைத்துப் பணம் பண்ணிய தனியார் காப்பகமொன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றியது. சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட வழியின்றி மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். அவர்களைக் கொன்றது இறைநம்பிக்கையா? நம்பிக்கையை விற்ற வாணிகமும், கண்டும் காணாதிருந்த சமூகமுமே கொன்றன.

இஸ்லாமிய மரபு இதற்கு இடந்தருகிறதா? உடலைப் போல உள்ளமும் நோயுறும், இரண்டையும் பேணவேண்டும் என்று 10 ஆம் நூற்றாண்டிற் காலமான அபூ ஸைத் அல்-பல்கீ நூலெழுதினார். கெய்ரோவில் 1284 இல் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளருக்குத் தனிப்பகுதி இருந்தது. அந்த மரபின் வாரிசுகளென்று மார்தட்டும் நாமோ, நோயாளியை அறைக்குள் பூட்டுகிறோம்; பெண்ணாயின், திருமணம் தடைப்படுமென்று நோயையே மறைக்கிறோம்!

குஜராத்தில் உனாவா என்னும் ஊரின் மீரா தாத்தார் தர்காவில், துஆவுக்கு வருவோருக்கு அவ்விடத்திலேயே மனநல மருத்துவமும் அளிக்கும் ஏற்பாடு இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே தொடங்கிவிட்டது. தர்காவின் முஜாவர்களே நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்புகின்றனர். அங்கே முடிந்தது கல்முனையில் ஏன் முடியாது?

வைத்தியர்கள் நோயாளியின் கையிலுள்ள தஸ்பீஹைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டாம். மௌலவிமாரிடமோ நாம் கேட்பது பெரிதன்று. வெள்ளிக்கிழமை மிம்பரில் நின்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்: துஆவை விடாதீர்கள், மருந்தையும் விடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ வீடுகளின் பூட்டுகள் திறக்கும்.