காரணியைக் காட்டாவிட்டால் என்ன?

“பகு எண் என்றால் காரணியைக் காட்டு, இல்லையேல் அது ஊகம்தான்” என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தவறு.

1. பெர்மாவின் சிறு தேற்றம்: ஒற்றைப்படைப் பகா எண் எதுவானாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும்.

2. 2-இன் 90ஆம் அடுக்கை 91-ஆல் வகுத்தால் மீதி 64. ஆக, 91 பகா எண் அல்ல. இதில் அதன் காரணிகளான 7, 13 எங்கே வந்தன?

3. 2-இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 14,75,73,95,25,89,67,64,12,927. இது பகு எண் என்று வேறொரு சோதனையால் 1876-இல் கணிதவியலாளர் லூக்கா நிறுவினார், காரணி தரவில்லை. 1903-இல் கோல் என்ற கணிதவியலாளர் தந்தார்: 193707721, 761838257287. இடைப்பட்ட 27 ஆண்டுகள் அது பகா எண்ணாகவா இருந்தது?

4. ஆர்எஸ்ஏ குறியாக்கத்தின் பொது எண் பகு எண் என்பது ஊருக்கே தெரியும். காரணிகள்தான் ரகசியம். இரண்டும் ஒன்றென்றால் அந்தப் பூட்டு எதற்கு?