பென்ஷன்காரர் கையில் தோசைக்கல்

ஐம்பத்தெட்டு, அறுபது வயதில் அரசாங்கம் நமக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறது. மாலை போட்டு வீடு வரை கொண்டுவந்து விடுகிறார்கள். ஆனால் நம் வீட்டு அம்மாக்களுக்கு ஓய்வு உத்தரவு போடுவது யார்? எழுபது தாண்டியும் மூட்டுவலியோடு அடுப்படியில் நிற்கிறார்கள். நாமோ கூடத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு மீன் வாங்கலியா?" என்று கேட்கிறோம். இது நியாயமில்லை.

ஓய்வு பெற்ற ஆண்கள் வாரத்தில் ஒரு நாளாவது சமைக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு ஏற்றது, தோசைக்கல்லில் வறுத்த மீன், கொஞ்சம் சோறு, நிறையக் காய். குழம்பு என்றால் புளி கரைக்கணும், மசாலா அரைக்கணும். இதற்கு அதெல்லாம் வேண்டாம். முக்கால் மணி நேரத்தில் சாப்பாடு தயார்.

மீன் என்றாலே வஞ்சிரம்தான் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கானாங்கெளுத்தி விலை குறைவு. இதயத்துக்கு நல்லது என்று சொல்கிற ஒமேகா-3 கொழுப்பும் அதில் நிறைய உண்டு. நடுமுள்ளை எடுத்துவிட்டால் பயமில்லாமல் சாப்பிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகள் போகாது. அப்போது பெரிய மீனுக்கு ஆனை விலை. கட்டுமரத்தில் வருகிற சின்ன மீன்தான் நமக்குத் துணை. செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அழுத்தினால் சதை பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடமே சுத்தம் செய்து வாங்கிவிடலாம்.

இரண்டு பேருக்கு அரை கிலோ போதும். கழுவியதும் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிரெஞ்சுக்காரர்களின் 'மெனியேர்' மீனுக்கும் இதுதான் முதல் பாடம். அந்தச் சொல்லுக்கு மாவு மில்காரர் மனைவி என்று பொருள். மீனை மாவில் புரட்டி வெண்ணெயில் வறுப்பதால் அந்தப் பெயர். நமக்கு மாவுக்குப் பதில் அரிசிமாவு, வெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், மிளகு, கொஞ்சம் பூண்டு விழுது தடவி 15 நிமிடம் வையுங்கள். சிவப்பு வண்ணப்பொடி வேண்டவே வேண்டாம்.

அந்த நேரத்தில் சோறு ஒரு பக்கம் வேகட்டும். பீன்ஸ், கேரட், சௌசௌ எதுவானாலும் நறுக்கி, ஆவியில் வைத்துக் கடுகு தாளித்தால் போதும்.

மீன் கடைசியில்தான். இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, அரிசிமாவு லேசாகத் தூவிய மீனை வையுங்கள். அடுப்பை மிதமாக்கி, நான்கைந்து நிமிடம் தொடாதீர்கள். அவசரப்பட்டுப் புரட்டினால் தோல் கல்லோடு ஒட்டிப் பிய்ந்துவிடும். மொறுமொறுப்பானதும் தானாகவே கல்லை விட்டு வரும். ஒரே ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். சதை வெள்ளையாகி முள்ளை விட்டு விலகினால் வெந்துவிட்டது. மேலே எலுமிச்சை பிழியுங்கள்.

பரிமாறும்போது தட்டில் பாதி காய், கால் பங்கு மீன், கால் பங்கு சோறு. மலைபோல் சோற்றைக் குவித்து ஓரத்தில் ஒரு துண்டு மீன் வைப்பதுதான் நம் பழக்கம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது.

"ஆம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் நூறு பேருக்கு ஆக்கிப்போடுகிற சமையல்காரர் ஆண்தானே? அங்கே கௌரவமாக இருப்பது சொந்த வீட்டில் மட்டும் எப்படிக் குறைச்சலாகும்? கோப்புகளைப் புரட்டிய கைக்கு மீனை ஒரு தடவை புரட்டுவது பெரிய காரியமில்லை. சாப்பிட்ட பிறகு அந்தக் கல்லைக் கழுவி வைப்பதும் நம் வேலைதான். அதையும் செய்தால்தான் அம்மாவுக்கு அன்றைக்கு உண்மையான ஓய்வு.