சிசு மரணமும் நிபுணர் வாக்கும்

இரவு பால் குடித்துத் தூங்கிய கைக்குழந்தை விடியற்காலையில் செத்துக் கிடந்தால் காரணம் என்ன? பாதிரியைக் கேட்டால் "கர்த்தர் சித்தம்" என்பார். ஊராரைக் கேட்டால் "தாய் மேலே படுத்து நசுக்கிவிட்டாள்" என்பார்கள். இந்தப் பழி இன்று நேற்றையதல்ல. பைபிளில் சாலமன் தீர்ப்புக் கதையிலேயே, தாய் மேலே படுத்ததால் பிள்ளை செத்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பதிலும் பரீட்சித்துப் பார்த்துச் சொன்னவையல்ல.

மூடநம்பிக்கை கோவிலோடு நின்றுவிடுவதாக நினைக்கும் தோழர்கள் இங்கிலாந்தில் நடந்ததைக் கவனிக்க வேண்டுகிறோம். 1999ல் சாலி கிளார்க் என்னும் வக்கீல் அம்மையார்மீது, தம் இரு சிசுக்களையும் கொன்றதாக வழக்கு நடந்தது. ராய் மெடோ என்ற பேர்பெற்ற குழந்தை வைத்தியர் கூண்டிலேறி, இத்தகைய குடும்பத்தில் இப்படி ஒரு சாவு நேர்வது 8,543ல் ஒன்று, இரண்டு நேர்வது 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? 8,543ஐ 8,543ஆல் பெருக்கினார்; அவ்வளவுதான்! ஒரே ரத்தம், ஒரே வீடு, ஒரே காற்று. முதல் சாவுக்கான காரணமே இரண்டாவதற்கும் இருக்கலாகாதா? ஆனால் சொன்னவர் "சர்" பட்டம் பெற்றவராயிற்றே! அம்மையாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

2001ல் ராயல் புள்ளிவிவரச் சங்கம் இக்கணக்கைப் பகிரங்கமாகக் கண்டித்தது. இரண்டாவது குழந்தையின் உடலில் நோய்க்கிருமி கண்ட பரிசோதனை முடிவு அம்மையார் தரப்பாருக்குக் கொடுக்கப்படவே இல்லை என்பதும் பிறகு வெளியாயிற்று. 2003ல் விடுதலையானார், 2007ல் மாண்டார்.

இதன் பிறகுதான், 2004ல், ஹெலினா கென்னடி அம்மையாரைத் தலைவராகக் கொண்ட கமிட்டி ஒரு முறையை வகுத்தது. எந்த வீட்டுச் சாவானாலும் போலீசாரும் குழந்தை வைத்தியமறிந்தவரும் சேர்ந்து விசாரிப்பது. குழந்தை உடற்கூறு பயின்றவர் பிரேதப் பரிசோதனை செய்வது. கடைசியில் எல்லோரும் கூடி ஆலோசிப்பது என்பவை அதன் முக்கிய அம்சங்கள். அமெரிக்காவிலும் 1996ல் சர்க்காரின் நோய்த்தடுப்பு நிலையம் வழிமுறையும் ஒரே மாதிரிப் பாரமும் வெளியிட்டு, 2006ல் திருத்தியது. ஆயினும் அங்கே பல இடங்களில் மரண விசாரணை அதிகாரி ஓட்டு வாங்கி வருகிறவர். வைத்தியம் படித்திருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லாத இடங்களும் உண்டு. ஆகவே ஒரே விதமான சாவை ஒருவர் "மூச்சடைப்பு" என்றும், மற்றொருவர் "காரணம் தெரியவில்லை" என்றும் எழுதுகிறார். இப்படிப்பட்ட கணக்கை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது?

துக்கத்திலிருக்கும் தாயிடம் பாரத்தை நீட்டுவது இரக்கமற்ற செயல் என்று சிலர் சொல்லுவார்கள். எல்லோரையும் ஒரே கேள்வி கேட்டால் யாருக்கும் அவமானமில்லை. அதிகாரிக்குச் சந்தேகம் வந்தவளை மட்டும் கேட்பது என்றால் ஏழையும் நாதியற்றவளுமே அகப்படுவார்கள். அதுவா இரக்கம்?

மேலும், எழுதி வைத்ததின் பலனைப் பாருங்கள். குழந்தையைக் குப்புறக் கிடத்தும்படி ஒரு காலத்தில் வைத்தியர்களே புத்தி சொன்னார்கள். பிரிஸ்டலில் பீட்டர் பிளெமிங் குழுவினர் குழந்தையைக் கிடத்திய விதத்தைப் பெற்றோரிடம் கேட்டு எழுதி, அதிலுள்ள ஆபத்தை 1990ல் வெளியிட்டார்கள். 1991ல் மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பிரசாரம் துவங்கியது. சில வருஷத்திற்குள் அந்நாட்டில் இச்சாவு பாதிக்கும் கீழே போயிற்று. இது எந்தப் பிரார்த்தனையால் ஆயிற்று?

விசாரித்தபின் "தெரியவில்லை" என்று எழுதுவதில் வெட்கமில்லை. விசாரிக்காமலே விதியென்றும் கொலையென்றும் எழுதும் கைக்குத்தான் வெட்கம் வேண்டும்.